தோட்டாவில் மருந்தும் குண்டின் விட்டமும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் பத்து ஆண்டுக்கு மேலாகத் துப்பாக்கி சுடும் மன்றத்தில் .22 ரைஃபிள் சுடுகிறேன். அக்கா குடும்பம் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறது. அத்தானுக்கு அங்கே துப்பாக்கி உரிமம் உண்டு. தனக்கு வேண்டிய தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்வார். ஆண்டுக்கு ஒருமுறை போகும்போது அவருடைய கார் கொட்டகையில் உட்கார்ந்து பித்தளைக் கூடுகளைத் துடைத்துக் கொடுப்பது என் வேலை. இதை ஒருநாள், தேசிய சேவை முடித்தவர்கள் மறுபடி பயிற்சிக்குப் போகும் ரிசர்விஸ்ட் முகாமில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று தொடங்கிய கேள்விகள் மன்றத்துக் கேண்டீன், தேக்காவில் தே தாரிக் கடை, அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் தங்கை மகன் என்று இன்னும் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

அண்ணே, குண்டு, தோட்டா, ரவுண்டு எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. படையில் நம் கைக்குக் கொடுக்கிற முழுப் பொருள்தான் தோட்டா. அதைத்தான் ரவுண்டு என்கிறோம். அதில் நான்கு உறுப்புகள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டுப் போல இருந்து, அடிபட்டதும் தீ மூட்டும் பிரைமர், உள்ளே மருந்து (வெடிமருந்தைத்தான் சொல்கிறேன்), வாயில் செருகிய குண்டு. சுடும்போது பறந்து போவது குண்டு மட்டும். கூடு பக்கவாட்டில் தெறித்து நம் கால்மாட்டில் விழும்.

அந்தக் கூட்டைத் தூக்கி எறியாமல் புதுப் பிரைமர், புது மருந்து, புதுக் குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் மறுநிரப்பல். கீழே குண்டு என்று எழுதுமிடமெல்லாம் அந்தப் பறக்கும் துண்டை மட்டும் குறிக்கிறேன். இந்தக் குழப்பம் தீராமல் மேலே படித்தால் பாதி விளங்காது.

இதை நம்ம ஊர்ல வீட்ல செய்யலாமா?

கூடாது. உரிமமில்லாமல் தோட்டா வைத்திருப்பதே 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. துப்பாக்கி, வெடிபொருள் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுப்படுத்த 2021இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமும் நிறைவேற்றியிருக்கிறது. மன்ற உறுப்பினராக இருந்தாலும் சுடும் இடத்தில் வாங்கி, அங்கேயே சுட்டு, மிச்சத்தை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு பேருந்து ஏறுவதுதான் நம் வழக்கம்.

அப்படியானால் இதையெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் உரிமத்தோடு சுடப் போகிறவர்களுக்கு இது தேவை. மன்றத்தில் எந்தப் பெட்டியை வாங்குவது என்று நிற்கிறவர்களுக்கும் தேவை. மற்றவர்களுக்கு இது வெறும் ஆர்வம், அதில் தப்பில்லை.

பெட்டியில 55 கிரெயின்னு போட்டிருக்கே, அதுதான் மருந்தோட அளவா?

அதிகம் கேட்கப்படுவதும் அதிக ஆபத்தானதும் இந்தக் கேள்விதான். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருப்பது குண்டின் எடை. மருந்தின் எடை பெட்டியில் இருக்காது. நாம் படையில் சுட்ட எம்193 ரகத்தில் குண்டு 55 கிரெயின், அதாவது ஏறக்குறைய 3.6 கிராம். நேட்டோவின் எஸ்எஸ்109 ரகத்தில் 62 கிரெயின், 4 கிராம். 9 மில்லிமீட்டர் பெட்டியில் 115, 124 என்று பார்ப்பதும் குண்டின் எடையே.

ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் 0.0648 கிராம். நம் பொற்கொல்லர் கணக்கில் சொன்னால் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அவர்கள் நெல்லை வைத்து நிறுத்தார்கள், ஆங்கிலேயர் வாற்கோதுமையை வைத்து நிறுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கிரெயின் என்றதும் மருந்தின் ஒரு துகள் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. எண்ணிப் போடுகிற கணக்கே இதில் இல்லை. மருந்து, குண்டு இரண்டையும் இதே அலகில் நிறுப்பதால்தான் புதியவர்கள் இரண்டையும் மாற்றிப் படித்துவிடுகிறார்கள்.

மருந்துன்னா தீபாவளிப் பட்டாசு மருந்து மாதிரிதானே?

பட்டாசில் இருப்பதன் உறவுக்காரர் கறுப்பு மருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்தது. புகை மண்டும், குழலில் அழுக்கு அப்பும், ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். 1884இல் பிரான்சில் போல் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்ததும் படைகள் கறுப்பைக் கைவிட்டன. நோபலின் பாலிஸ்டைட்டும் பிரிட்டனின் கார்டைட்டும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. இன்றைய தோட்டாக்களில் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ். சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். அதை இரட்டை அடிப்படை மருந்து என்பார்கள்.

புகையில்லா மருந்தும் பார்வைக்குக் கறுப்பாகவே இருக்கும். துகள்கள் ஒட்டாமலும் நிலைமின் சேராமலும் இருக்கப் பென்சில் கரி பூசியிருப்பதால் அந்தச் சாம்பல் மினுமினுப்பு. நிறத்தைப் பார்த்து ஏமாந்து, கறுப்பு மருந்துக்கென்று செய்த பழைய துப்பாக்கியில் இதைப் போட்டால் குழல் கிழிந்துவிடும்.

எல்லா மருந்தும் எரியத்தானே போகுது, ஒரே டப்பாவை எல்லாத்துக்கும் போட்டா என்ன?

பொங்கல் அன்று கேம்பல் லேனில் பானை வைப்பவர்களைப் பாருங்கள். தென்னோலையைப் போட்டால் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். கட்டை விறகு நின்று எரியும். இரண்டும் தீதான், ஆனால் வேறு வேறு காரியத்துக்கு. மருந்திலும் எரிவேகம் என்று ஒன்று உண்டு. துகளின் உருவம், பருமன், மேலே பூசிய தடுப்புப் பூச்சு, நைட்ரோகிளிசரின் அளவு எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. சில துகள்கள் தட்டையான செதில், சில கடுகு போல உருண்டை, சில சேமியாவைப் பொடியாக நறுக்கினாற்போலக் குச்சி. குச்சியின் நடுவில் ஊசித்துளை இருக்கும். வெளிப்பரப்பு எரிந்து சுருங்கச் சுருங்க உள்துளை விரியும், ஆகவே வாயு சீராக வந்துகொண்டே இருக்கும்.

சிறிய கூடு, குட்டையான குழல் உள்ள கைத்துப்பாக்கிக்கு வேகமான மருந்து வேண்டும். புல்ஸ்ஐ, டைட்குரூப், பின்லாந்தின் விடாவூரி என்320 எல்லாம் அந்த ரகம். பெரிய கூடு, நீண்ட குழல் உள்ள ரைஃபிளுக்கு மெதுவானது: வார்கெட், எச்4350, விடாவூரி என்140. ரெட்டம்போ இன்னும் மெதுவானது, மிகப்பெரிய கூடுகளுக்கு. நடுவில் 2400, எச்110 போன்றவை மேக்னம் ரிவால்வர்களுக்கு. ஒரே கூட்டில்கூடக் குண்டின் எடை ஏறினால் பொதுவாக மெதுவான பக்கம் நகர வேண்டியிருக்கும். கனமான குண்டு கிளம்பத் தயங்கும். அதற்குள் வேகமான மருந்து முழுவதும் எரிந்து அழுத்தம் உச்சிக்குப் போய்விடும்.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால் இந்தப் பயம் புரியும். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரக்குழு வைத்த உச்சவரம்பு 35,000. .308 ரைஃபிளுக்கு 62,000. கைத்துப்பாக்கி மருந்தை ரைஃபிள் கூட்டில் நிரப்பினால் அந்த வரம்பு எங்கோ பின்னால் நிற்கும், துப்பாக்கி நம் முகத்துக்கு நேராகப் பிளக்கும். தலைகீழாகச் செய்தால், ரைஃபிள் மருந்து கைத்துப்பாக்கியில் பாதி எரியாமல் கொட்டும், குண்டு குழலுக்குள் சிக்கவும் கூடும்.

வேகமான மருந்து கொஞ்சமாப் போட்டாப் போதுமாமே. அப்போ அதுதானே லாபம்?

காசுக்கு லாபம். ஆனால் .38 ஸ்பெஷல் கூடு கறுப்பு மருந்துக் காலத்து அளவு. உள்ளே இடம் நிறைய. புல்ஸ்ஐ போன்ற மருந்து அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கை தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, மேலே குண்டை அழுத்திவிட்டால் வெளியே தெரியாது. இரட்டை நிரப்பல் என்று பயப்படுகிறார்களே, அது இதுதான். ஆகவே புதியவர்களுக்கு, இருமடங்கு விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுக்கும் பருத்த மருந்தைத்தான் சிபாரிசு செய்வார்கள்.

அத்தான் 50 கூடுகளைத் துளைப்பலகையில் நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும் கைவிளக்கை எடுத்து வரிசை வரிசையாகக் குனிந்து பார்ப்பார். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். போன முறை நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று நிமிர்ந்து, “மாப்ளே, இருபத்தேழாவது போட்டேனா இல்லையா?” என்றார். எனக்குத் தெரியாது. உள்ளே பார்த்தால் மட்டம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் 50 கூட்டையும் கவிழ்த்து டப்பாவில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு கொட்டகையில் நான் வாய் திறப்பதில்லை. வானொலியையும் அக்கா அணைத்துவிடுகிறார்.

கூடப் போட்டாத்தானே ஆபத்து? கம்மியாப் போட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?

ஆகும். மிகக் குறைவாக இருந்தால் குண்டு குழலின் நடுவழியில் நின்றுவிடும். ‘டப்’ என்று சப்பையாக ஒரு சத்தம், பின்னுதைப்பு இருக்காது. தீப்பிடிக்கவில்லை போல என்று நினைத்து அடுத்ததைச் சுட்டால் அது முன்னதன் மேல் மோதிக் குழல் உப்பும், இல்லையென்றால் வெடிக்கும். சத்தம் வழக்கம்போல இல்லையென்றால் நிறுத்து, கையை உயர்த்து என்று சுடுதளத்தில் சொல்லித்தருகிறார்களே, அது இதற்காகத்தான்.

எச்110 போன்ற சில மருந்துகளைத் தயாரிப்பாளரே குறைக்க வேண்டாம் என்கிறார். கூடு நிறைந்து நெருக்கமாக இருந்தால்தான் அது ஒழுங்காகப் பற்றும். பொதுவாகப் புத்தகத்தில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். தொடக்கத்தில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். தொடக்கத்துக்குக் கீழும் போகக் கூடாது, உச்சத்துக்கு மேலும் போகக் கூடாது.

சரி, விட்டத்துக்கு வருவோம். .38ன்னா குண்டு 0.38 அங்குலம். கரெக்டா?

தப்பு. .38 ஸ்பெஷலின் குண்டு 0.357 அல்லது 0.358 அங்குலம். பழைய காலத்தில் குண்டு கூட்டின் வெளிவிட்டத்துக்குச் சமமாக, மெழுகுவர்த்தி போல நேராக இருந்தது. அந்த வெளிவிட்டம் 0.38க்குப் பக்கம். பிறகு குண்டைக் கூட்டுக்குள் செருகும்படி மெலிய வைத்தார்கள். குண்டு இளைத்தது, பெயர் இளைக்கவில்லை.

1930களின் நடுவில் அதே குண்டை வைத்துக் கூட்டை மட்டும் 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீட்டி .357 மேக்னம் என்று விற்றார்கள். அதில் பெயர் உண்மை பேசியது. நீட்டியதற்குக் காரணம், மேக்னம் தோட்டா பழைய .38 ரிவால்வரில் நுழைந்துவிடக் கூடாது என்பதுதான். .38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு 17,000, மேக்னத்துக்கு 35,000. குண்டு ஒன்றே, ஆனால் மருந்து அளவு முற்றிலும் வேறு.

பெயரை வைத்து ஏமாற்றும் தோட்டாக்களின் பட்டியல் நீளமானது. .44 மேக்னத்தின் குண்டு 0.429. .270 வின்செஸ்டரின் குண்டு 0.277. .38-40 என்று 19ஆம் நூற்றாண்டுத் தோட்டா ஒன்று இருக்கிறது, அதன் குண்டு 0.40 அங்குலம்! அந்த இரண்டாவது எண்ணும் ஊருக்கு ஒரு நியாயம். .45-70இல் 70 என்பது கறுப்பு மருந்தின் கிரெயின். .30-06இல் 06 என்பது 1906ஆம் ஆண்டு. ஷாட்கன்னில் 12 கேஜ் என்றால், குழல் விட்டத்துக்கு வார்த்த ஈய உருண்டை 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு என்று பொருள். ஆகவே எண் கூடினால் குழல் சிறுக்கும். 12 கேஜைவிட 20 கேஜ் ஒல்லி.

தாத்தா காலத்து .303 இருக்கே, அதுவும் பொய்தானா?

பொய்யில்லை, வேறு இடத்தில் அளந்தது. குழலுக்குள் சுருள் பள்ளங்கள் வெட்டியிருக்கும். பள்ளத்துக்கு இடையே நிற்கும் மேடு முதல் எதிர் மேடு வரை அளந்தால் 0.303. குண்டு பொருந்த வேண்டியதோ பள்ளத்தின் அளவுக்கு. அதனால் .303இன் குண்டு 0.311 அல்லது 0.312. 1942இல் பாசிர் பாஞ்சாங்கில் மலாய்ப் படைப்பிரிவினர் கையில் இருந்த லீ என்ஃபீல்டு இந்தத் தோட்டாவைத்தான் சுட்டது.

போர்க்கால அவசரத்தில் செய்த குழல்கள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. அத்தானிடம் ஒரு பழைய லீ என்ஃபீல்டு உண்டு. வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை, மெத்தென்ற ஈய உருண்டைக்கு எண்ணெய் தடவிக் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லத் தட்டித் தள்ளியது. வெளியே வந்த ஈயத்தில் பள்ளங்களின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. மைக்ரோமீட்டரில் 0.3135 காட்டியது. கடையில் விற்கும் 0.311 குண்டு அதில் தொளதொளவென்று போகும். உறையில்லாத ஈயக் குண்டானால் பள்ளத்தைவிட ஆயிரத்தில் ஓர் அங்குலம் பருமனாக வைப்பது வழக்கம். செம்பு உறை போட்ட குண்டானால் பள்ளத்துக்குச் சமமாக.

இதில் இன்னொரு சிக்கல்: அந்தக் குழலில் ஐந்து பள்ளம். ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் குறைவான அளவைக் காட்டிவிடும். மூன்று புள்ளியில் தொடும் மைக்ரோமீட்டரை அவர் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தார்.

7.62 எல்லாம் ஒண்ணுதானே? மில்லிமீட்டர்லயாவது உண்மை சொல்வாங்கல்ல?

அங்கேயும் அதே மேட்டுக் கணக்குதான். 7.62 நேட்டோவின் குண்டு 0.308 அங்குலம், அதாவது 7.82 மில்லிமீட்டர். ரஷ்யாவின் 7.62×39க்கு 0.310 அல்லது 0.311. வித்தியாசம் ஒரு தலைமுடிப் பருமன். தலைமுடிதானே என்று தோன்றும். பருத்த குண்டை இறுக்கமான குழலில் தள்ளினால் அழுத்தம் ஏறும். மெலிந்த குண்டைத் தளர்ந்த குழலில் போட்டால் வாயு பக்கவாட்டில் கசிந்து குறி சிதறும். 9 மில்லிமீட்டரிலும் அப்படித்தான். லூகர் ரகத்துக்கு 0.355, ரஷ்ய மகரோவுக்கு 0.365க்குப் பக்கம். 9 என்பது இரண்டிலும் உண்டு.

.223ம் 5.56ம் ஒண்ணா வேறயா? கேம்ப்ல ஒருத்தர் ஒண்ணுன்னார், கிளப்ல ஒருத்தர் இல்லன்னார்.

இரண்டு பேரும் பாதி சரி. குண்டு இரண்டுக்கும் 0.224 அங்குலம்தான், கூட்டின் வெளி அளவும் ஒன்றே. துப்பாக்கியில் தோட்டா போய் உட்காரும் அறைதான் வேறு. 5.56 அறையில் குண்டு குழலின் சுருள் வெட்டைத் தொடுவதற்கு முன் சற்று இடைவெளி விட்டிருப்பார்கள். ஆகவே .223 தோட்டாவை 5.56 அறையில் சுடலாம். 5.56 தோட்டாவை .223 அறையில் சுட்டால் அழுத்தம் ஏறும், வேண்டாம்.

நிஜமான எமன் வேறொன்று. .300 பிளாக்கவுட் என்ற தோட்டா 5.56 கூட்டைக் குட்டையாக்கிச் செய்தது, குண்டு 0.308. அது .223 அறையில் நுழைந்துவிடும், கதவும் மூடிக்கொள்ளும். சுட்டால் 0.308 குண்டு 0.224 குழலுக்குள் போகப் பார்க்கும். துப்பாக்கி சிதறிய படங்கள் ஏராளம். இதுபோலவே 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் அடைத்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள்.

எம்16 வியட்நாம்ல திக்கினதுக்கு மருந்து மாத்தினதுதான் காரணமாமே? எங்க சார்ஜெண்ட் சொன்னார்.

உங்கள் சார்ஜெண்ட் சொன்னதில் பெரும்பகுதி சரி. அந்த ரைஃபிளை ஐஎம்ஆர் 4475 என்ற குச்சி மருந்தை வைத்து வடிவமைத்தார்கள். 1964இல் அமெரிக்க ராணுவம் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கு மாறியது. குண்டின் வேகம் கேட்டபடி வந்தது. ஆனால் துப்பாக்கியை இயக்குவதற்காகக் குழலின் நடுவில் வாயுவை எடுக்கும் துளையில் அழுத்தம் முன்னைவிட அதிகம். துப்பாக்கி வேண்டியதைவிட வேகமாக இயங்கியது. போதாக்குறைக்கு அந்த மருந்தில் அமிலத்தன்மையை முறிக்கச் சேர்த்த கால்சியம் கார்பனேட் வாயுக்குழாயில் படிந்தது. அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை, துடைக்கும் பொருள்களும் வீரர்களுக்குப் போதுமான அளவில் போகவில்லை. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது.

அதே 1967இல்தான் நம் ஊரில் 5.56 தோட்டா செய்வதற்கென்று சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பட்டது. எம்16இன் நம் ஊர் வகையான எம்16எஸ்1 நம் கைக்கு வந்தபோது அந்தக் குறைகள் பெரும்பாலும் களையப்பட்டிருந்தன.  குண்டின் வேகம் ஒன்றே என்றாலும் மருந்து ஒன்றாகிவிடாது என்பதற்கு அந்த வியட்நாம் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அமெரிக்கப் புத்தகத்துல வார்கெட்டுன்னு இருக்கு, பெர்த் கடையில அப்படி ஒரு டப்பாவே இல்லையே?

இருக்கிறது, ஏஆர்2208 என்ற பெயரில். வார்கெட், எச்4350 போன்றவை ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் ஏடிஐ என்ற பெயரில் செய்து, அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் தன் பெயரில் விற்பவை. எச்4350 அங்கே ஏஆர்2209, எச்4895 அங்கே ஏஆர்2206எச். அந்தக் கடைசி ‘எச்’ முக்கியம். வெறும் ஏஆர்2206 வேறு மருந்து.

எண் ஒன்றாக இருந்தும் மருந்து வேறாக இருப்பதும் உண்டு. எச்4831, ஐஎம்ஆர் 4831 இரண்டில் ஐஎம்ஆர் வேகமானது. எச்சுக்குரிய அளவை ஐஎம்ஆருக்குப் போட்டால் உச்சவரம்பைத் தாண்டிவிடலாம். எதிர்த்திசையிலும் வேடிக்கை: எச்110, டபிள்யூ296 இரண்டும் ஒரே மருந்து, லேபிள்தான் வேறு.

ரெண்டு புத்தகத்துல ரெண்டு உச்ச அளவு போட்டிருக்கு. எதை நம்புறது?

இரண்டையும். அவர்கள் சோதித்த குழல் வேறு, கூடு வேறு, பிரைமர் வேறு, மருந்தின் தொகுதி வேறு. உங்களிடம் உள்ள குண்டு, கூடு, பிரைமரோடு நெருக்கமாகப் பொருந்தும் புத்தகத்தை எடுத்து அதன் தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். ராணுவக் கூடுகளில் சுவர் தடிமனாக இருக்கலாம், குறிப்பாக 7.62 நேட்டோவில். உள்ளிடம் குறைந்தால் அதே மருந்து அதிக அழுத்தம் கொடுக்கும். வெயிலும் சேர்த்தி. பெர்த்தில் ஜூலைக் குளிரில் உச்சத்துக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்த தோட்டா, ஜனவரியில் 40 டிகிரியில் காருக்குள் கிடந்தால் அதே நடத்தை காட்டாது. ஏடிஐ மருந்துகள் இந்த விஷயத்தில் நிதானமானவை என்று பெயர் எடுத்தவை.

நான் .22ம் ஏர் ரைஃபிளும்தான் சுடறேன். எனக்கு இதெல்லாம் எதுக்கு?

.22இல் தீப்பற்றும் பொருள் கூட்டின் விளிம்புக்குள்ளேயே ஓடுகிறது. ஒருமுறை அடிபட்டால் விளிம்பு நசுங்கிவிடும், மறுநிரப்ப முடியாது. உங்களால் செய்யக்கூடியது, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து உங்கள் குழலுக்குப் பிடித்ததைக் கூடுதலாக வாங்கி வைப்பதுதான். ஏர் ரைஃபிளில் விட்டத்தின் விளையாட்டு உங்களுக்கும் உண்டு. 4.5 என்று பொதுவாகச் சொன்னாலும் பெல்லட்டின் தலை 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் தனித்தனி டப்பாவில் விற்கிறார்கள். 2018 கோல்டுகோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மார்ட்டினா வெலோசோ நமக்காக இரண்டு தங்கம் வென்றது ஏர் ரைஃபிளிலும் .22இலும்தான். அந்த மட்டத்தில் 0.01 மில்லிமீட்டரும் கணக்கில் வரும்.

பழைய மருந்து டப்பா ஒண்ணு லேபிள் போய்க் கிடக்குன்னு நண்பர் சொல்றார். பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது, யாராலும் முடியாது. முன்பு சொன்னதுபோல எல்லாமே சாம்பல்கறுப்பு. லேபிள் இல்லையென்றால் அது மருந்தில்லை, குப்பை. லேபிள் இருந்தாலும் மூடியைத் திறந்ததும் அமில நெடி மூக்கில் ஏறினாலோ செம்பழுப்புத் தூசி பறந்தாலோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நாட்டுச் சட்டப்படி ஒழிக்கச் சொல்லுங்கள். இரண்டு டப்பா மிச்சத்தை ஒன்றாகக் கொட்டிவைக்கிற பழக்கமும் வேண்டாம். பருப்பு டப்பாவில்லை இது.

இவ்வளவு சொன்னீங்க, எத்தனை கிரெயின் போடணும்னு ஒரு இடத்துலகூடச் சொல்லலையே?

சொல்லவும் மாட்டேன். எண் ஒன்றை இங்கே எழுதினால் அதை யாரோ படம் பிடித்து அனுப்புவார்கள், மூன்றாவது ஆள் கையில் 4.3 என்பது 43 ஆகியிருக்கும். மருந்துத் தயாரிப்பாளரும் குண்டுத் தயாரிப்பாளரும் வெளியிடும் புத்தகங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. அத்தானின் குறிப்பேட்டை நான் ஒருமுறை கைப்பேசியில் படமெடுக்கப் போனேன். நோட்டை மூடி, அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டார்.

காலிக் கூடுதானே, நினைவுக்கு ஒண்ணு பையில போட்டு எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். சுடுதளத்தில் கடைசிக் கூடு கணக்குக்கு வரும்வரை வெயிலில் புல்லைக் கிளறிக்கொண்டு நின்றது மறந்துவிட்டதா? சாங்கியில் ஸ்கேனர் திரையில் காலிக் கூடும் நிரம்பிய தோட்டாவும் ஒரே வடிவம். தங்கை மகனுக்கு அத்தான் .308 கூட்டில் துளைபோட்டுச் சாவிக்கொத்து செய்து கொடுத்தார், ஆசையாக. நான் அதைக் கிளம்பும் அன்று காலை அவன் பையிலிருந்து எடுத்துவிட்டேன். பையன் விமான நிலையம் வரை பேசவில்லை. அது இப்போதும் பெர்த்தில், அக்கா வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது.